ஹாரி பிழைப்பானா, அம்மா?

"ஹாரி பிழைப்பானா, மாட்டானா? நீ என்னம்மா நினைக்கிறே?"

2005-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி. அப்போது நாங்கள் லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் குடியிருந்தோம். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்த என் பின்னால் வந்து நின்று இப்படிக் கேட்டாள் என் மகள். அவளுக்கு அப்போது வயது ஒன்பது. அழுதழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம்.

"கதைதானே கண்ணு! அதுக்குப் போய் அழுவாங்களா? போய்ப் படு" என்றேன்.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேட்ட அதே கேள்வியை, அடுத்த இரண்டு வருஷம் எத்தனையோ நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளும் பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாரி பாட்டர் கதையின் ஏழாவது புத்தகம், அதாவது கடைசிப் புத்தகம், எப்படி முடியும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொன்ன காலம் அது. "கதைதானே" என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குப் புரியவும் அந்த இரண்டு வருஷம் தேவைப்பட்டது.

உலகமே ஜோசியம் சொன்னது

இந்தக் கதையைப் படிக்காத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாரி தாய் தகப்பன் இல்லாத பையன். வால்டமார்ட் என்ற கொடிய மந்திரவாதி அவன் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரைக் கொன்றுவிட்டான். குழந்தையைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த தாயின் அன்பே அதற்குக் கவசமாகிவிட்டது. அவன் ஏவிய மந்திரம் திரும்பி அவன் மேலேயே பாய்ந்தது. பையனுக்கு நெற்றியில் மின்னல் மாதிரி ஒரு தழும்பு மட்டும் மிச்சம். பிறகு ஹாரி மந்திரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்கிறான். அவனுக்கு ஏழு வருஷப் படிப்பு, நமக்கு ஏழு புத்தகம்.

முதல் புத்தகம் 1997-ல் வந்தபோது அச்சிட்ட பிரதிகள் வெறும் 500. ஆறாவது புத்தகம் 2005 ஜூலை 16-ம் தேதி வந்தபோதோ கடை வாசலில் நள்ளிரவில் வரிசை நின்றது. அதன் முடிவில்தான் ஆசிரியை ஜே.கே. ரௌலிங் பெரிய இடியைப் போட்டார். பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர், ஹாரிக்குத் தாத்தா மாதிரி இருந்த டம்பிள்டோர், இறந்துபோனார். கொன்றவர் அதே பள்ளியில் முன்பு மருந்து கலக்கச் சொல்லித்தந்த வாத்தியார் ஸ்னேப். என் மகள் அழுதது இதற்குத்தான்.

ஸ்னேப் நல்லவனா, கெட்டவனா? டம்பிள்டோர் நிஜமாகவே செத்தாரா, நடிப்பா? ஹாரி பிழைப்பானா? இந்த மூன்றும்தான் எல்லார் வாயிலும். அமெரிக்காவில் ஒரு புத்தகக் கடைக்காரர்கள் ஸ்னேப்பை நம்புகிறவர்களுக்கு ஒன்று, நம்பாதவர்களுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக ஒட்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் பந்தயக் கடைகள் சட்டப்படி நடப்பவை. யார் சாவார் என்று அங்கே பணமே கட்டினார்கள். 2006-ல் இந்த ஊகங்களே தனிப் புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டன!

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பிள்ளைகள் துப்பறிந்த விதம் அப்படி. ஆறாவது புத்தகத்தில் ஒரு துண்டுச்சீட்டில் "ஆர்.ஏ.பி." என்று மூன்று எழுத்துக் கையெழுத்து வரும். யார் அது என்று ஆசிரியை சொல்லவில்லை. ரசிகர்கள் மற்ற மொழிகளில் வந்த மொழிபெயர்ப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். டச்சு மொழியில் கடைசி எழுத்து "இசட்", நார்வே மொழியில் "எஸ்", ஃபின்லாந்து மொழியில் "எம்" என்று இருந்தது. அந்த மூன்றும் அவரவர் மொழியில் கறுப்பு என்ற சொல்லின் முதல் எழுத்து. கதையில் "பிளாக்" என்று ஒரு குடும்பம் உண்டு. ஆக, அது ரெகுலஸ் பிளாக் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அது சரியாகவும் இருந்தது.

என் மகளும் ஒரு நீல அட்டை நோட்டுப் போட்டாள். மூன்று பத்தி. சாகிறவர்கள், பிழைக்கிறவர்கள், இன்னும் தெரியாதவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "தடயம்" என்று எழுதி வைப்பாள்.

அம்மாச்சியின் கட்சி

வீட்டில் இவளோடு இதைப் பேச ஆள் இல்லை. இவருக்கு ஆபீஸ், எனக்கு அடுப்படி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் கார்டு போட்டு மாயவரத்தில் இருக்கும் என் அம்மாவிடம் பேசுவோம். மூன்று நிமிஷம் நான், ஐந்து நிமிஷம் இவர், மிச்சமெல்லாம் அம்மாச்சியும் பேத்தியும்தான்.

வால்டமார்ட் தன் உயிரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு பொருளில் ஒளித்து வைத்திருக்கிறான், அதையெல்லாம் அழித்தால்தான் அவன் சாவான் என்று இவள் விளக்கியபோது அம்மாச்சி கொஞ்சம்கூட அசரவில்லை.

"இதென்னா புதுசு! ஏழு கடல் தாண்டி, கிளிக்குள்ள உசுர வச்சிருப்பானே மந்திரவாதி, அந்தக் கதைதானே? மேல சொல்லு தங்கம்!"

ஸ்னேப் விஷயத்திலும் அம்மாச்சிக்குச் சந்தேகமே இல்லை. "மருந்து கலக்கறவன் ஒரு பிள்ளையக் கொல்லணும்னு நெனச்சா ஆறு வருஷம் காத்துக்கிட்டா இருப்பான்? அவன் நல்லவன்தான். யாரோ ஒரு பொம்பளைக்குக் கொடுத்த வாக்கா இருக்கும், வேணும்னா பாரு."

அம்மாச்சிக்கு மிகவும் பிடித்தவள் மாலி வீஸ்லி. ஏழு பிள்ளை பெற்ற ஏழை வீட்டு அம்மா. ஹாரியையும் தன் பிள்ளையாகப் பாவித்து வருஷா வருஷம் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுப்பாள். அவள் வீட்டில் ஒரு கடிகாரம் உண்டு. அது மணி காட்டாது. குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும். ஆறாவது புத்தகத்தில் எல்லா முள்ளும் "உயிருக்கு ஆபத்து" என்ற இடத்திலேயே நிற்கும். அவள் அந்தக் கடிகாரத்தைத் துணிக்கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு அலைவாள்.

"கடைசியில அவதான் பாரு" என்றாள் அம்மாச்சி. "பிள்ளை மேல கை வச்சா அப்பத் தெரியும் அவ யாருன்னு."

"அவங்க சமைப்பாங்க, துணி பின்னுவாங்க, அவ்ளோதான் அம்மாச்சி. சண்டையெல்லாம் நெவில்தான் போடுவான்" என்று இவள் வாதாடினாள்.

அம்மாச்சி சொன்னதெல்லாம் பலித்துவிடவில்லை. "கூடவே அலையுதே அந்தப் படிக்கிற பொண்ணு, அதைத்தான் கட்டிக்குவான்" என்றாளே, அது சுத்தமாகத் தப்பிப்போனது!

நியூயார்க்கில் ஒரு கெஞ்சல்

2006 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு விழா நடந்தது. ரௌலிங்குடன் மேடையேறிய ஸ்டீஃபன் கிங், ஜான் இர்விங் இருவரும் பேர்போன நாவலாசிரியர்கள். தங்கள் கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்தவர்கள். அவர்களே ஹாரியைக் கொன்றுவிடாதீர்கள் என்று ரௌலிங்கைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

கூட்டத்தில் எழுந்தவர்களில் எழுத்தாளர் சல்மான் ருஷ்டியும் ஒருவர். மகனையும் கூட்டி வந்திருந்தார். ஸ்னேப் நல்லவன், ஆகவே டம்பிள்டோர் சாகவில்லை என்பது அவர் கட்சி. பதில் சொன்ன ரௌலிங், டம்பிள்டோர் இறந்தது உறுதி என்று பட்டென்று சொல்லிவிட்டார். துக்கத்துக்குள்ள ஐந்து படிகளைக் குறிப்பிட்டு, முதல் படியைத் தாண்டத்தான் உங்களுக்கு உதவுகிறேன் என்றும் சொன்னார்.

அந்த ஐந்து படி எலிசபெத் க்யூப்ளர்-ராஸ் என்ற பெண் டாக்டர் 1969-ல் எழுதியது. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பேசி அவர் கண்டது. "இருக்காது" என்று மறுப்பது முதல் படி. பிறகு கோபம், பேரம், சோர்வு, கடைசியாக ஏற்றுக்கொள்வது. எல்லாரும் இதே வரிசையில் போவார்கள் என்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் டம்பிள்டோர் நடிக்கிறார் என்று அடித்துப் பேசிய பிள்ளைகளையும், ஹாரியை விட்டுவிடுங்கள் என்று கேட்ட பெரியவர்களையும் நினைத்துப் பாருங்கள். மறுப்பும் பேரமும்தானே அது?

அன்று இது எனக்கு வேடிக்கைச் செய்தி. மூன்று மாதத்தில் அதே படிகளில் நானே ஏற வேண்டிவரும் என்று தெரியவில்லை.

நோட்டில் இருந்த பெயர்

நவம்பரில் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜனவரியில் சென்னையில் ஆபரேஷன். திறந்து பார்த்துவிட்டு அதிகம் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். மகளிடம், "அம்மாச்சிக்கு வயித்துவலி, மருந்து சாப்பிடறாங்க, சரியாயிடும்" என்று சொல்லி வைத்தோம். குழந்தையிடம் போய் எதைச் சொல்வது என்று எல்லாரையும் போலத்தான் நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் படுக்கையை உதறிப் போடும்போது அந்த நீல நோட்டு கீழே விழுந்தது. இங்கிலீஷில் அவள் கையெழுத்து. பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், "இன்னும் தெரியாதவர்கள்" பத்தியில், ஹாரி, ஸ்னேப், ஹேக்ரிட். அவர்களுக்குக் கீழே, அம்மாச்சி.

எதிரே தடயங்கள்: "அப்பா ஃபோனைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார். மாமா ஒரே வாரத்தில் மூன்று தடவை பேசினார். வயிற்றுவலிக்கு யாரும் சென்னைக்குப் போக மாட்டார்கள். அம்மா குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுகிறாள்."

அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். டச்சு எழுத்தையும் நார்வே எழுத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகளின் கூட்டத்தைச் சேர்ந்தவள் அவள். நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினால் அவளுக்குத் தெரியாதா? தெரிந்ததை யாரிடமும் கேட்க முடியாமல், கதையில் வருபவர்களோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள். "கதைதானே" என்று சொன்ன அம்மாவிடம் எப்படிக் கேட்பாள்?

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மாச்சிக்கு வந்திருக்கிறது புற்றுநோய். டாக்டர்களால் குணப்படுத்த முடியவில்லை. அம்மாச்சி செத்துப்போவாங்க. என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது." அந்தச் சொல் வாயில் வர எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று! அவள் அழுதாள். பிறகு, "நான் கோடை லீவில் அவங்களோட சண்டை போட்டேனே, அதனாலயா?" என்று கேட்டாள். என் நெஞ்சு அடைத்துவிட்டது.

பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசும்போது சாவு என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்கிறார்கள் குழந்தை மனநல நிபுணர்கள். "தூங்கிட்டாங்க" என்று சொன்னால் சின்னக் குழந்தை தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் வருவார்கள் என்று காத்திருக்கும், வராவிட்டால் தன்னை விட்டுவிட்டதாக நினைக்கும். ஐந்தாறு வயது வரை, போனவர் திரும்ப மாட்டார் என்பதே சரியாகப் புரியாது. அதனால் கேட்டதையே கேட்கும். அலுக்காமல் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, "உன்னால் இது நடக்கவில்லை" என்பதைக் குழந்தை கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

வராத புத்தகத்தின் கதை

ஏப்ரலில் ஈஸ்டர் லீவுக்கு அவளை மாயவரத்துக்கு அழைத்துப் போனேன். அம்மா கூடத்துக் கட்டிலில் ஒடுங்கிப்போய்க் கிடந்தாள். கடைசிப் புத்தகம் ஜூலை 21-ல் வரும் என்று அறிவித்தாகிவிட்டது. அம்மாச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேன் தங்கம். நீதான் நோட்டெல்லாம் போட்டு வச்சிருக்கியே, முடிவை நீயே சொல்லிடேன்."

பத்து ராத்திரி இவள் சொன்னாள். ஸ்னேப் நல்லவன், ஹாரியின் அம்மாவுக்காகத்தான் எல்லாம் செய்தான் என்று அம்மாச்சி கட்சிக்கே மாறிக்கொண்டாள். உயிரின் ஒரு துண்டு ஹாரியின் தழும்புக்குள்ளேயே இருக்கிறது என்று ரசிகர்கள் பலர் அப்போது பேசிக்கொண்டார்கள். அதையும் சேர்த்துக்கொண்டாள். கடைசி ராத்திரி மட்டும் தயங்கினாள்.

"பயப்படாம சொல்லு. பையன் செத்துப்போறானா?"

"ஆமாம் அம்மாச்சி. ஆனா தனியாப் போகல. அவனோட அம்மாவும் அப்பாவும் வந்து நிக்கறாங்க."

அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சரி. ஆள் இருக்குல்ல" என்றாள்.

ஜூன் மாதம் அம்மா போய்விட்டாள்.

ஜூலை 21

ஜூலை 20-ம் தேதி இங்கிலாந்தில் பேய்மழை. மேற்கே பல ஊர்களில் வெள்ளம். அந்த ஈரத்திலும் ராத்திரி எங்கள் ஊர்ப் புத்தகக் கடை வாசலில் கறுப்பு அங்கியும் வட்டக் கண்ணாடியுமாகப் பிள்ளைகள். என் புருவப் பென்சிலை எடுத்து நெற்றியில் தழும்பு வரைந்துகொண்டு இவளும் நின்றாள். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் கதவு திறந்தது. அட்டையில் போட்ட விலை 17 பவுண்ட் 99 பென்ஸ், பக்கங்கள் 607. முதல் ஒரே நாளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாகச் சுமார் 1 கோடியே 10 லட்சம் பிரதி விற்றதாம்.

மறுநாள் முழுவதும் படித்தாள். சாயங்காலம் மாடியிலிருந்து ஒரு கூச்சல்: "அம்மா! அம்மாச்சி ஜெயிச்சுட்டாங்க!"

கொடியவர்களிலேயே கொடியவளான பெலாட்ரிக்ஸ், மாலியின் ஒரே பெண்ணைக் குறிவைக்கிறாள். சற்று முன்னால்தான் மாலி ஒரு மகனைப் பறிகொடுத்திருக்கிறாள். எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு அந்தக் கம்பளி பின்னுகிற அம்மாவே நேருக்கு நேர் நின்று அவளை முடித்துவிட்டாள்! நெவில்தான் அதைச் செய்வான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏராளம். அம்மாச்சிக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஸ்னேப்பும் அம்மாச்சி சொன்னபடியே. ஹாரியின் அம்மா லில்லியைச் சிறு வயதிலிருந்து நேசித்தவன், அவளுக்காகவே கடைசிவரை அந்தப் பிள்ளையைக் காத்தவன்.

பிறகு வெகு நேரம் சத்தமில்லை. விளக்கு வைத்த பிறகு புத்தகத்தோடு கீழே இறங்கி வந்து, ஒரு பக்கத்தை விரலால் காட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். தழும்புக்குள் ஒரு துண்டு இருப்பது நிஜம். அதனால் தானே சாகவேண்டும் என்று தெரிந்து ஹாரி காட்டுக்குள் நடக்கிறான். ஒரு கல்லின் மகிமையால், இறந்துபோன அம்மாவும் அப்பாவும், அவனுக்கு வேண்டிய இன்னும் இரண்டு பேரும் வந்து கூடவே நடக்கிறார்கள்.

இவள் மாயவரத்தில் சொன்னதுதான்.

அதற்குப் பின் ஹாரி பிழைத்துத் திரும்பி வருகிறான். அந்த இடத்தை மட்டும் இவள் ஊகிக்கவில்லை. "அம்மாச்சிக்குத் தப்பா சொல்லிட்டேனேம்மா" என்றாள். "இல்லடி, அம்மாச்சிக்கு வேண்டியதைத்தான் சொன்னே" என்றேன். இருவரும் அன்றைக்குத்தான் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். குழாயைத் திறந்து விடாமல்.

ரௌலிங் 1990-ல் இந்தக் கதையை எழுத ஆரம்பித்த ஆறு மாதத்தில் அவருடைய தாயார் காலமானார். வயது 45. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோஸிஸ் நோயோடு பத்து வருஷம் போராடியவர். இப்படி ஒரு கதை எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவே இல்லையே என்பது மகளுக்குத் தீராத குறை. தன் புத்தகங்கள் பெரும்பாலும் சாவைப் பற்றியவையே என்றும் அவர் சொல்லியிருக்கிறார். குழந்தைகளிடம் அவர் அதை மறைக்கவில்லை. அதனால்தான் அவர்கள் அவரை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது முப்பது வயது ஆகப்போகிறது. நீல நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தத் தடயங்களையெல்லாம் அடித்துவிட்டு, பிப்ரவரி மாதத்துத் தேதி ஒன்று போட்டு, "அம்மா சொல்லிவிட்டாள்" என்று எழுதியிருக்கிறாள்.

உங்கள் வீட்டுக் குழந்தையும் என்றாவது கையில் புத்தகத்தோடு வந்து, "அவர் பிழைப்பாரா?" என்று கேட்கலாம். கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, "யாரைக் கேட்கிறே கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.